தண்ணீர் முறை முதல் நீதிமன்றம் வரை: சமூகம் செழிப்பது எப்படி என்று மட்டக்களப்பில் கேட்கப்படும் கேள்விகள்

சுதந்திரமும் செழிப்பும் உள்ள சமூகங்களை எந்தப் பொருளாதார, சமூக ஏற்பாடுகள் உருவாக்குகின்றன என்பதே இங்கே பேசப்படும் பொருள். கேள்விகளில் சில, உயர்தர மாணவர்களுக்கு நான் பொருளியல் கற்பித்த காலத்தில் வகுப்பில் எழுந்தவை. மற்றவை படுவான்கரை வயல் வரம்பிலும், கல்முனைச் சந்தையிலும், அரச அலுவலக வாங்குகளில் காத்திருந்தபோதும் கேட்கப்பட்டவை. நெஞ்சில் உறுத்தும் கேள்விகளுக்கு நீண்ட பதில் எழுதியிருக்கிறேன்; மற்றவற்றைச் சுருக்கமாகக் கடந்திருக்கிறேன்.

பொருளாதார நிறுவனம், சமூக நிறுவனம் என்கிறீர்கள். எந்தக் கம்பனியைச் சொல்கிறீர்கள்?

கம்பனியை அல்ல. நிறுவனம் என்றதும் பெயர்ப்பலகையும் கட்டடமும் கண்முன் வருவது இயல்பு. பொருளியலில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்: மனிதர் ஒருவரோடொருவர் நடந்துகொள்வதற்கு வைத்திருக்கும் விதிகள். எழுதிய சட்டமும் எழுதாத வழக்கமும் அதில் அடங்கும். அவற்றை நடைமுறைப்படுத்தும் ஏற்பாடும் அடங்கும். 1993இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற டக்ளஸ் நோர்த், நிறுவனங்களை விளையாட்டின் விதிகளுக்கு ஒப்பிட்டார். கம்பனிகளும் கட்சிகளும் அந்த விளையாட்டில் இறங்கும் அணிகள்.

நம்மிடம் இதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று இருக்கிறது: முறை. வயல்களுக்கு வரிசையாக நீர் விடுவது தண்ணீர் முறை. கோயில் திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடிக்கு உரியது என்பதும் முறை. யாரை யார் மணக்கலாம் என்பதும் முறைதான். அது கெட்டால் முறைகேடு என்கிறோம். நியாயம் கேட்டுப் போனால் முறைப்பாடு செய்தோம் என்கிறோம். பாடநூலை மூடிவைத்துவிட்டு இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு யோசித்தால், கீழே வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

மண்ணும் மழையும் உழைப்பும் இருந்தால் போதாதா? விதிகள் சோறு போடுமா?

ஒக்டோபரில் விதைக்கிறவர் பெப்ரவரி வாக்கில்தான் அறுவடை செய்கிறார். இடையில் உள்ள மாதங்களில் அவர் எத்தனை பேரை நம்பியிருக்கவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். வாய்க்காலின் தலைப்பில் இருப்பவர் தண்ணீரை மறிக்கக்கூடாது. மாட்டுக்காரர் குறித்த திகதிக்குள் மாடுகளை வயல்வெளியிலிருந்து கொண்டுபோய்விடவேண்டும். உரம் நேரத்துக்கு வரவேண்டும். கடன் கொடுத்தவர் நடுவில் வட்டியை மாற்றக்கூடாது. நெல்லை நிறுக்கும் தராசு பொய் சொல்லக்கூடாது. காணி அடுத்த போகத்திலும் அவர் கையிலேயே இருக்கவேண்டும்.

இவை உறுதியாக இருந்தால் கடன்பட்டாவது நல்ல விதை வாங்குவார், வரம்பைக் கட்டுவார், மகனை வயலுக்கு அழைப்பார். உறுதி இல்லையென்றால் குறைந்த செலவில் எதையோ விதைத்துவிட்டு, பிள்ளையை மத்திய கிழக்குக்கு அனுப்ப முகவரைத் தேடுவார். இரண்டு சூழலிலும் மண்ணும் மழையும் ஒன்றுதான். மனிதரும் மாறவில்லை.

நாடுகளின் அளவில் இதே கேள்வியை எடுத்துக்கொண்ட டாரன் அசெமோக்லு, சைமன் ஜோன்சன், ஜேம்ஸ் ரொபின்சன் ஆகிய மூவருக்கும் 2024ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலோரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் விதிகள் உள்ள நாடுகள் நீண்ட காலத்தில் செழித்தன; சிலர் மட்டும் பலரின் உழைப்பை உறிஞ்சுவதற்கு அமைந்த விதிகள் உள்ள நாடுகள் பின்தங்கின என்பது அவர்களுடைய ஆய்வின் சாரம். ஒரே மொழி, ஒரே மக்கள், ஒரே தீபகற்பம் இரண்டாகப் பிரிந்து வட கொரியாவும் தென் கொரியாவும் ஆன கதையை எல்லோரும் அறிவர். இரண்டையும் பிரித்தது மண் அல்ல.

வாவி, கடல், நெல், பால் எல்லாம் உள்ள மட்டக்களப்பு ஏன் வறிய மாவட்டங்களின் வரிசையில் வருகிறது?

போரை முதலில் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் அது பொய்யாகிவிடும். 1978 நவம்பரில் சூறாவளி, 2004 டிசம்பரில் சுனாமி, இவற்றோடு கால் நூற்றாண்டுக்கு நெருங்கிய யுத்தம். நாளை எரிந்துபோகக்கூடும் என்று தெரிந்த இடத்தில் அரிசி ஆலை கட்ட எவர் முன்வருவார்? அதனால்தான் நம் நெல்லில் பெரும்பங்கு ஈரம் காயுமுன்னே லொறியேறிப் பொலன்னறுவைக்குப் போய், அரிசிப் பையாக நம் கடைகளுக்குத் திரும்பி வருகிறது. உழைப்பு இங்கே இருக்க, இலாபம் அங்கே தங்கிவிடுகிறது.

போர் ஓய்ந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அது ஏன் மாறவில்லை என்பது அடுத்த கேள்வி. அதற்குக் காணியும் கடனும் நம்பிக்கையும் காரணம். ஒவ்வொன்றாக வருகிறேன்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன் விவசாயிகள் கூடும் ஆரம்பக் கூட்டத்தைப் பற்றி ஏன் எப்போதும் பெருமையாகப் பேசுகிறீர்கள்? அங்கே சண்டைதானே நடக்கிறது?

சண்டை வாயால் நடக்கிறது. அந்த மண்டபம் இல்லாவிட்டால் அது வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நடக்கும்.

பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி போன்ற குளங்களின் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடி முடிவெடுக்கிறார்கள். எத்தனை ஏக்கர் செய்வது, எந்தத் திகதியில் விதைப்பது, எத்தனை மாத நெல்லினம், எப்போது வான்கதவு திறப்பது, எப்போது மாடுகளை அகற்றுவது என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகிறது. அந்தத் தீர்மானத்துக்குச் சட்டத்தின் பலம் உண்டு. மீறினால் தண்டம் உண்டு. சிறுபோகத்தில் குளத்து நீர் போதாதபோது எந்தக் கண்டங்கள் (வயல் தொகுதிகள்) செய்யலாம், எவை பொறுத்திருக்கவேண்டும் என்பதும் அங்கேதான் முடிவாகிறது.

இது நேற்று வந்த ஏற்பாடு அல்ல. 1856இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் கொண்டுவரப்பட்ட நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சிதைந்துபோயிருந்த பழைய நீர்ப்பாசன வழக்கங்களை மீட்டு, அவற்றுக்குச் சட்ட வலு கொடுப்பதே அதன் நோக்கம். வெளியிலிருந்து வந்த அரசு, உள்ளூர் வழக்கத்தை மதித்துச் சட்டமாக்கிய அரிய தருணங்களில் ஒன்று அது. நம் வட்டை விதானைகளின் வேலை, தண்ணீர் முறை பிசகாமல் பார்ப்பதும் மாடு இறங்கினால் விசாரிப்பதும், அந்த மரபின் தொடர்ச்சிதான்.

பொதுச் சொத்தை ஒன்றில் அரசு கையகப்படுத்தவேண்டும், இல்லையென்றால் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும், வேறு வழியில்லை என்று பொருளியலாளர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். பயன்படுத்துகிறவர்களே விதி செய்து, தாங்களே கண்காணித்து, மீறுபவரைப் படிப்படியாகத் தண்டித்து நூற்றாண்டுகளாக நடத்திவரும் ஏற்பாடுகள் உலகெங்கும் இருப்பதை எலினோர் ஒஸ்ட்ரோம் ஆராய்ந்து காட்டினார். 2009இல் நோபல் பரிசைப் பெற்றார். பொருளியலில் அதைப் பெற்ற முதற்பெண் அவரே. இலங்கையின் நீர்ப்பாசனத் திட்டங்களும் அவர் எடுத்துப் பேசியவற்றில் உண்டு. அவருடைய ஆய்வை முதன்முதலாகப் படித்தபோது, என் அப்பா ஒவ்வொரு போகத்திலும் போய்வந்த கூட்டத்தின் நடைமுறையை யாரோ அச்சில் எழுதிவைத்திருப்பதாகவே உணர்ந்தேன்.

கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டம் ஒரு வெற்றியா, தோல்வியா?

இரண்டும். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் நிறுவனங்களைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அணை எழுந்தது, சேனாநாயக்க சமுத்திரம் நிறைந்தது, பெரும் நிலப்பரப்புக்கு நீர் கிடைத்தது. எங்கிருந்து யாரைக் குடியேற்றுவது என்ற தீர்மானம் மேலிருந்து வந்தது. ஏற்கெனவே அந்தப் பிரதேசத்தில் வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் அதைத் தம் நிலமும் பிரதிநிதித்துவமும் கைநழுவும் தொடக்கமாகக் கண்டார்கள். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை ஒட்டிக் கல்லோயாவில் தமிழர்மேல் வன்முறை வெடித்தது. 1961இல் அம்பாறை மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. நீர் கொடுத்த திட்டம் நம்பிக்கையை எடுத்துக்கொண்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து, வாய்க்கால்கள் தூர்ந்து கடைப்பகுதிக்கு நீர் போகாத நிலையில், அதே கல்லோயாவின் இடதுகரையில் இன்னொன்று நடந்தது. 1980களின் தொடக்கத்தில் இலங்கையின் கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர் யுவதிகளை அமைப்பாளர்களாக வாய்க்கால்களுக்கு அனுப்பின. அவர்கள் உத்தரவு போடப் போகவில்லை. ஒரே வயல்வாய்க்காலில் நீர் எடுக்கும் ஒரு சில குடும்பங்களைக் கூட்டி, உங்கள் சிக்கல் என்ன என்று கேட்டார்கள். குளத்தில் நீர் மிகக் குறைந்திருந்த ஆண்டில், தலைப்பகுதியில் இருந்த சிங்கள விவசாயிகள் தாங்களே வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்து, கீழே தமிழ் விவசாயிகளின் வயல்வரை நீரை விட்டார்கள். நாடெங்கும் இனக் கலவரம் கனன்ற காலம் அது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அணை அதே அணை. ஒரு தடவை விதி மேலிருந்து இறங்கியது. அடுத்த தடவை பாதிக்கப்படுகிறவர்கள் உட்கார்ந்து செய்தார்கள். இந்த உதாரணத்தை நான் எங்கு போனாலும் சொல்வேன். நம் மாவட்டங்களிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் நம் பிள்ளைகளின் பாடநூலில் இல்லாதது எனக்கு ஆறாத குறை.

பேர்மிட் காணியில், அதாவது அரசு அனுமதிப்பத்திரம் தந்த காணியில், மூன்று தலைமுறையாக இருக்கிறோம். அது எங்கள் சொத்து இல்லையா?

உங்கள் உழைப்பு உங்களுடையது. காணி சட்டப்படி அரசினுடையது. இந்த இடைவெளிதான் கிழக்கின் பெரிய பொருளாதாரச் சிக்கல் என்று நான் நினைக்கிறேன்.

1840இல் பிரித்தானிய ஆட்சி ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது. காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகியவை மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது. சேனைப் பயிர் செய்தவரிடமும் மாடு மேய்த்தவரிடமும் எழுத்தில் என்ன இருந்திருக்கும்? அந்த விதையிலிருந்து வளர்ந்த மரத்தின் நிழலில் இன்றும் இருக்கிறோம். நாட்டின் நிலத்தில் 80 வீதத்துக்கு மேல் அரசின் வசமே உள்ளது. 1935இல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக் கச்சேரி நடத்தி நிலமற்றோருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கினார்கள். அனுமதியின்றி விற்கக்கூடாது, நினைத்தபடி ஈடுவைக்கக்கூடாது, துண்டாடக்கூடாது என்று கட்டுப்பாடுகள் வைத்தார்கள்.

அந்தக் கட்டுப்பாடுகள் வஞ்சகமாக வந்தவை அல்ல. வட்டிக்காரரிடம் ஏழை விவசாயி காணியை இழந்துவிடக்கூடாது என்ற கவலையும் அதில் இருந்தது. நடைமுறையில் என்ன ஆயிற்று? பிள்ளையின் படிப்புக்கோ நோய்க்கோ பணம் தேவைப்படும்போது வங்கி அந்தப் பத்திரத்தைப் பிணையாக எடுப்பதில்லை. வெற்று முத்திரைத் தாளில் எழுதி, சட்டத்துக்குத் தெரியாமல், பெறுமதியில் ஒரு பங்குக்குக் காணி கைமாறுகிறது. வாங்கியவருக்கும் உறுதி இல்லை, விற்றவருக்கும் நியாய விலை இல்லை. தகராறு வந்தால் நீதிமன்றம் போகவும் முடியாது. பத்திரத்தைப் புதுப்பிக்க அதிகாரியின் முகத்தையும் அரசியல்வாதியின் முகத்தையும் பார்த்துக் காலம் போகிறது. யாருடைய தயவில் காணி இருக்கிறதோ அவரை எதிர்த்துப் பேசத் துணிவு வருமா? சொத்துரிமையும் பேச்சுச் சுதந்திரமும் இங்கேதான் ஒன்றையொன்று தொடுகின்றன.

முழு உறுதி, அதாவது முழு உரிமைப் பத்திரம், கொடுக்கவேண்டும் என்பதே என் கருத்து. 2024இல் உறுமய என்ற பெயரில் அதற்கான திட்டமொன்று தொடங்கப்பட்டது. கொடுத்தால் பெருமுதலாளிகள் ஒரே ஆண்டில் வாங்கிக் குவித்துவிடுவார்கள் என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல; நெருக்கடியில் விற்கப்படும் காணி மலிவாகத்தான் போகும். அதற்கு மருந்து, விவசாயிக்கு நியாயமான கடனும் பயிர்க் காப்புறுதியும். அவரை வயது வராத பிள்ளையாக வைத்திருப்பது மருந்தாகாது.

மேய்ச்சல்தரைக்கு யார் உறுதி வைத்திருக்கிறார்கள்?

எவரும் இல்லை, வேதனையே அதுதான். மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகளில் தலைமுறைகளாக மாடு மேய்த்த பண்ணையாளர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் அங்கே பயிர்செய்வதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். அந்த நிலத்தைச் சட்டப்படி மேய்ச்சல்தரையாக அறிவித்து வர்த்தமானியில் இடுங்கள் என்பது அவர்களின் கோரிக்கை. வேலியும் இல்லை, பத்திரமும் இல்லை, வழக்கம் மட்டும் இருந்தது. வழக்கத்தை எல்லோரும் மதிக்கும்வரை அது போதுமானதாக இருந்தது.

பெண்களின் சொத்துரிமையைப் பொறுத்தவரை நாம் முன்னேறியவர்களா, பின்தங்கியவர்களா?

இதில் நாம் இரண்டு அடி முன்னால் இருந்து, அலுவலகப் படிவங்களால் பின்னுக்குத் தள்ளப்பட்டவர்கள்.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒரே வழக்கம் உண்டு: கலியாணத்தில் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை அங்கே குடிவருவார். தாய்வழிக் குடியும், முக்குவர் சட்டம் என்று அழைக்கப்பட்ட பழைய வழக்கத்தில் முதுசம் பெண்வழியே இறங்கியதும் இதன் வேர்கள். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தபின் முக்குவர் சட்டம் ஏட்டளவில் நின்றுபோயிற்று. வீடு மகளுக்கு என்ற வழக்கம் மட்டும் எந்தச் சட்டத்தின் துணையும் இல்லாமல் நின்றது. போரில் கணவரை இழந்த எத்தனையோ பெண்களுக்கு, தெருவில் நிற்காமல் காத்தது அந்த வீடுதான். சீதனம் பெற்றோரை நசுக்குகிறது என்பதும் உண்மை. ஒரே வழக்கத்தின் இரு பக்கங்கள் அவை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க எனக்கு மனமில்லை.

என் சித்தியின் கல்லடி வீடு அவருடைய அம்மா கொடுத்தது. சுனாமி அதை அத்திவாரத்தோடு கொண்டுபோயிற்று. பிறகு கிடைத்த வீட்டின் பத்திரத்தில் சித்தப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. கேட்டபோது, படிவத்தில் குடும்பத் தலைவருக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த அலுவலர் கெட்டவர் அல்லர். அவருக்குக் கொடுத்த படிவம் அப்படி. கிழக்கில் பல பெண்களுக்கு அப்போது நடந்தது இதுதான். பல நூற்றாண்டு வழக்கம் ஒரு கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே விழுந்துவிட்டது. சித்தப்பா நல்லவர் என்பதால் சித்திக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் ஒருவரின் நல்ல குணத்தை நம்பியிருக்கும் உரிமையை உரிமை என்று சொல்ல முடியுமா?

பேர்மிட் காணியிலும் இதே கோணல் இருந்தது. உரிமையாளர் வாரிசை நியமிக்காமல் இறந்தால், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணை மகன்மாரை மகள்மாருக்கு முன் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம்தான் அந்த ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. எண்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. உங்கள் குடும்பத்தில் பேர்மிட் காணி இருந்தால் வாரிசு நியமனம் பதிவாகியிருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள்.

பழைய வழக்கங்கள் எல்லாம் நல்லவை என்கிறீர்களா?

இல்லவே இல்லை. தேசத்துக் கோயில்களில் குடிகளுக்கு முறையும் வண்ணக்கர் என்ற நிர்வாகப் பதவியும் இருப்பதுபோல, பள்ளிவாசல்களில் அவற்றை நிர்வகிக்கும் குடிவழி மரைக்காயர்கள் இருந்தார்கள். ஒரே ஆள் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளாமல் அதிகாரம் பகிரப்பட்ட நல்ல ஏற்பாடு அது. அதே கோயில்களில் சில சாதியினர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். போடியார் எனப்படும் பெரு நில உடைமையாளரின் காணியில் பயிர்செய்தவர்களுக்கு, அடுத்த போகமும் காணி கிடைக்குமா என்பது போடியாரின் முகக்குறியைப் பொறுத்தது. 1958இல் நெற்காணிச் சட்டம் குத்தகையாளருக்கு நிலைத்த உரிமையும் குத்தகைக்கு வரம்பும் தந்தபோது, நாட்டின் பல பகுதிகளில் நில உடைமையாளர்கள் அவர்களை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டார்கள். ஒரு முறை நல்லதா என்று அறிய, அதில் மிகக் கீழே இருப்பவரிடம் கேட்கவேண்டும். தலைமை ஆசனத்தில் இருப்பவருக்கு எல்லா முறையும் நல்லதாகவே தெரியும்.

சிங்கப்பூர் ஒரு கண்டிப்பான தலைவரால்தானே முன்னேறியது? நமக்கும் அப்படி ஒருவர் வந்தால் என்ன?

மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்ட கேள்வி. லீ குவான் யூ 1959 முதல் 1990 வரை பிரதமராக இருந்தார் என்பதையும், எதிர்ப்பை அவர் அடக்கினார் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒப்பந்தத்தை மீறினால் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமைச்சரே ஊழல் செய்தாலும் விசாரணை வந்தது. நாம் கண்டிப்பை மட்டும் பார்த்து ஆசைப்படுகிறோம். தென் கொரியாவும் இராணுவ ஆட்சியில் வளர்ந்தது. 1987இல் மக்கள் வீதிக்கு வந்து தேர்தலைப் பெற்றபின் அந்த வளர்ச்சி நின்றுவிடவில்லை. கண்டிப்பான தலைவரை நம்பிச் சீரழிந்த நாடுகளின் பட்டியல் மிக நீளம். அந்த நாடுகளுக்கு எவரும் சுற்றுலா போவதில்லை என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

செயற்படும் சனநாயகமும் சுதந்திரமான பத்திரிகைகளும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று அமர்த்தியா சென் எடுத்துக்காட்டியிருக்கிறார். பசியைப் பற்றி உரக்கப் பேச முடிகிற இடத்தில் ஆட்சியாளருக்குத் தூக்கம் வராது.

2022 நெருக்கடிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. உரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடைசெய்யப்பட்டது. அம்பாறையின் வயல்களைக் கேட்டு எடுத்த முடிவா அது? ஒரு குளத்தின் வான்கதவைத் திறக்கக்கூட நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். நாடு முழுவதன் நெல்லையும் பற்றி அப்படியொரு பேச்சு நடக்கவில்லை. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. மஞ்சளித்துப்போன பயிரைப் பார்த்து நின்றவர்களின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. 2023 நவம்பரில், அந்தப் பொருளாதாரச் சீரழிவுக்கு முன்னாள் ஆட்சியாளரும் அதிகாரிகளும் பொறுப்பு என்றும், மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்றும் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசுக்காகப் பணம் அச்சிடும் வழியை அடைத்தது.

ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். சுயாதீன ஆணைக்குழுக்களைப் பலப்படுத்துவதும் பலவீனப்படுத்துவதுமாக 2010, 2015, 2020, 2022 என்று நான்கு முறை அரசியலமைப்பைத் திருத்தினோம். வென்றவருக்கு ஏற்ப ஆட்ட விதி மாறினால், அடுத்த பத்தாண்டுக்கு முதலிட எவருக்கும் மனம் வராது.

நுண்கடன் ஏன் நம் பெண்களை அழித்தது? கடன் நல்லது என்றுதானே சொல்கிறீர்கள்?

கம்பனிக்காரர்கள் சிறு கடன்களை வீட்டு வாசலுக்கு வந்து கொடுத்தார்கள், குழுவாகக் கையெழுத்து வாங்கினார்கள், கிழமைதோறும் வசூலித்தார்கள். ஒரு கம்பனியின் கடனை அடைக்க மற்றக் கம்பனியிடம் வாங்கியவர்கள் பலர். அயலவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்ற விதி, நல்ல அயலுறவைக் கண்காணிப்பாக மாற்றியது. 2018இல் அரசு குறிப்பிட்ட மாவட்டங்களில் பெண்களின் கடன்களில் ஒரு பகுதிக்கு நிவாரணம் தந்தது. அதற்குள் பல வீடுகளில் நகையும் நிம்மதியும் போய்விட்டிருந்தன.

சீட்டிலும் கையெழுத்து உண்டு, அயலவர் உண்டு. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திலும் கிழமைக் கட்டணம் உண்டு. அங்கே விதியைச் செய்தவர்களும் கடன் பெறுபவர்களும் ஒரே ஆட்கள். ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இந்தக் கிழமை விடலாமா என்று கூடிப் பேச முடியும். கம்பனியின் வசூல்காரருக்கு அந்த அதிகாரமே இல்லை.

தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் நம்பாமல் இந்த மாவட்டங்கள் செழிக்குமா?

செழிக்காது. படுவான்கரை நெல்லும் தயிரும் காத்தான்குடி, ஏறாவூர்க் கடைகள்வழியே பணமான காலம் நீண்டது. மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சேலையும் தமிழ் வீடுகளில் இருந்தன. கொப்பியில் எழுதிக் கடன் கொடுத்தார்கள். வேளாண்மை வெட்டியதும் தீர்த்தார்கள். வழக்கறிஞர் தேவைப்படாத அந்தக் கடன், கையால் தொட முடியாத ஒரு நிறுவனம்.

1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதன்பின் கொப்பிகள் மூடப்பட்டன, வயல்களுக்குப் போகும் வழிகள் மூடப்பட்டன. இன்று சந்தைகள் மீண்டும் இயங்குகின்றன. ஆனால் எல்லைக் காணிப் பிணக்கொன்று வந்தால் இருபக்கமும் முதலில் தம் அரசியல்வாதியைத் தேடுகின்றன. இருவரும் ஏற்கும் ஒரு விசாரணை மேசை இல்லை. அதைத்தான் கட்டவேண்டியிருக்கிறது, நல்லிணக்க மேடைகளில் மாலை போட்டுக்கொள்வதைவிட அது கடினமானது.

மாகாண சபை எங்கே?

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்காமலே ஆண்டுகள் போயின. கட்டடமும் உத்தியோகத்தரும் இருந்தார்கள், வாக்காளரின் குரல் இருக்கவில்லை.

பள்ளிக்கூடமும் இந்தக் கணக்கில் சேருமா?

முதலிடத்தில் சேரும். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்பில் தொடங்கிய பள்ளி, 1929இல் சுவாமி விபுலாநந்தர் கல்லடி உப்போடையில் எழுப்பிய சிவாநந்த வித்தியாலயம், 1945இன் இலவசக் கல்வி, இவை இல்லாமல் இந்தப் பதில்களை நான் எழுதியிருக்கமாட்டேன், நீங்கள் வாசித்திருக்கமாட்டீர்கள். 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்த நாட்டில், வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் மக்கள் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் கேட்டார்கள். வருமானம் குறைந்த நாடு எழுத்தறிவிலும் சுகாதாரத்திலும் முன்னே நின்றது அப்படித்தான்.

சாதாரண ஆள் ஒருவர் இதில் என்ன செய்ய முடியும்?

ஒரு கடதாசி எழுதலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்த அரச அலுவலகத்துக்கும் ஒரு தகவல் அலுவலர் உண்டு. உங்கள் கிராமத்து வீதிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், ஒப்பந்தம் யாருக்குப் போனது, உங்கள் காணிக் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. 14 வேலைநாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர்கள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன்பின் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். கேள்வியைக் குறுக்கி, ஒரு கடதாசியில் ஒரு விடயம் மட்டும் கேளுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

எங்கள் குளத்தின் ஆரம்பக் கூட்டம் எப்போது?

பெரும்போகத்துக்கு மழை தொடங்குமுன், சிறுபோகத்துக்குப் பெரும்போக அறுவடை முடியும் தறுவாயில். திகதியைக் கமநல சேவை நிலையத்திலோ உங்கள் கமக்காரர் அமைப்பின் செயலாளரிடமோ கேளுங்கள். காணி அம்மாவின் பெயரில் இருந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், முன்வரிசையில் இருத்துங்கள்.